காபியில் கலந்த பொடி

கணவர்: …நல்லா எழுதிக்கோங்க டாக்டர். என் சொந்தப் பொண்டாட்டி, காபியில பொடி கலந்து குடுத்திருக்கா.

டாக்டர்: என்ன பொடி?

கணவர்: குடியை நிறுத்துற பொடி. நேத்து அவளே வாயைத் திறந்து சொன்னா.

டாக்டர்: ஏம்மா, நிஜமா?

மனைவி: கலந்தேன்.

கணவர்: பாத்தீங்களா! முகத்துல கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?

மனைவி: இவங்க அண்ணன்கிட்ட சொல்லியாச்சு, வீட்டு ஓனர்கிட்ட சொல்லியாச்சு. நீங்கதான் மிச்சம் டாக்டர்.

டாக்டர்: சரி, உடம்புக்கு என்ன பண்ணுது?

கணவர்: என்ன பண்ணலைன்னு கேளுங்க. ஒரே அரிப்பு. தடிப்பு கிடையாது, கொப்புளம் கிடையாது… சும்மா அரிக்குது. ஸ்க்ரூ டிரைவரால முதுகைச் சொறிஞ்சிருக்கேன்.

மனைவி: லிஃப்ட் மெக்கானிக். கையில எப்பவும் அதான் இருக்கும்.

கணவர்: குறுக்க பேசாதே. அப்புறம், தூங்கினா வேர்வை. பனியனைப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது. பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது.

மனைவி: பெல்ட்டுல புது ஓட்டை போட்டாரு. ஆணியால.

டாக்டர்: முன்னாடியே யார்கிட்டயாவது காட்டினீங்களா?

கணவர்: ஊசி போடுற இடத்துக்கெல்லாம் நான் போறதில்லை. இன்னும் முக்கியமானதைச் சொல்லலையே… குடிச்சா வலிக்குது!

டாக்டர்: எங்கே?

கணவர்: இதோ, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. ஒரு மடக்கு உள்ள போனா போதும், கொஞ்ச நேரத்துல யாரோ பிடிச்சுத் திருகுற மாதிரி வலி. அந்தக் கடுப்புல நிறுத்தியே தொலைச்சுட்டேன்.

டாக்டர்: வாந்தி? முகம் சிவந்து போறது?

கணவர்: அதெல்லாம் இல்லை. வலி மட்டும்தான். குடிக்கலைன்னா அதுவும் இல்லை. எல்லாம் பொடியோட வேலை!

மனைவி: காலர் பட்டனைக் கழட்டுங்க. புழுங்குது.

கணவர்: எனக்குப் புழுங்கலை.

டாக்டர்: கழட்டுங்க… தலையை அந்தப் பக்கம் திருப்புங்க… இந்தக் கட்டி எப்ப வந்துச்சு?

கணவர்: அதுவா? சுளுக்கு வீக்கம். அதை விடுங்க, நான் சொல்ல வந்தது…

டாக்டர்: கையைத் தூக்குங்க. ம்… அக்குள்லயும் இருக்கு.

கணவர்: டாக்டர், நீங்க யார் கட்சி?

டாக்டர்: உங்க கட்சிதான். லிஃப்ட்ல புதுசா ஒரு சத்தம் கேட்டா என்ன பண்ணுவீங்க?

கணவர்: அப்பவே நிறுத்திட்டுப் பிரிச்சுப் பாப்பேன். ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டா, உள்ள இருக்கிற ஆளு…

டாக்டர்: ம். குடிச்சதும் கட்டி இருக்கிற இடத்துல வலிக்கிறது ரொம்ப அபூர்வம். ஆனா யாராவது அப்படிச் சொன்னா நான் சும்மா அனுப்ப மாட்டேன். ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை, கழுத்து, அக்குள்ல இருக்கிற நிணநீர் முடிச்சுல தொடங்கும். இது அதுவா இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். இன்னைக்கே ரத்தமும் எக்ஸ்ரேயும் பாத்துடலாம். நாளைக்கு ஒரு கட்டியை எடுத்து சோதனைக்கு அனுப்பணும்.

கணவர்: புற்று… பொடியால வந்துச்சா?

டாக்டர்: பொடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

கணவர்: செத்துருவேனா டாக்டர்?

டாக்டர்: அதுவாவே இருந்தாலும் நல்ல மருந்து இருக்கு. நிறைய பேர் குணமாகி வேலைக்குப் போறாங்க. தள்ளிப் போடாம வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம். உக்காருங்க, நர்ஸ்கிட்ட சொல்லிட்டு வர்றேன்.

கணவர்: ஏய்… பயமா இருக்குடி.

மனைவி: எனக்கும்தான். கையைக் குடுங்க.

கணவர்: நீ மட்டும் பொடி வெக்கலைன்னா நான் இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுத்திருக்க மாட்டேன்.

மனைவி: ம்.

கணவர்: மிச்சம் இருக்கா? எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடலாம்.

மனைவி: இல்லை.

கணவர்: தூக்கிப் போட்டுட்டியா?

மனைவி: பொடியே இல்லைங்க. காபியில சக்கரை மட்டும்தான். தூக்கத்துல உங்க கழுத்துல கை போட்டேன், கட்டி தட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கெஞ்சிப் பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன்… நீங்க அசையலை. என்மேல புகார் சொல்லணும்னாதான் உடனே செருப்பை மாட்டுவீங்க.