பளிச்சென்று தெரிந்த படிகள்

இருந்தவர்கள்: தொழிலாளர் துறை ஆய்வாளர் அம்மா, கிடங்கு மேனேஜர், கிடங்குக்கு அவ்வப்போது படம் எடுத்துக் கொடுக்கும் படக்காரர்.
இல்லாதவர்: இந்தப் படியில் உருண்டு இடுப்பெலும்பு உடைந்த லோடுமேன். கவனக்குறைவு என்று அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.
இடம்: கிடங்கின் மேல்தளம், படிக்கட்டுக் கதவின் முன். பகல்.

— சிம்பிள் மேடம். அவன் விழுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எடுத்த படம் இது. ஒவ்வொரு படியும் பளிச்சுன்னு தெரியுதா இல்லையா?

— தெரியுது மேனேஜர் சார். அதான் இடிக்குது. இப்போ கதவு திறந்துதான் இருக்கு, உள்ள ஒரு காலை வெச்சுப் பார்த்தா என் செருப்பே தெரியல. படக்காரரே, ஒண்ணு கேக்கட்டுமா? வேற பல்பு ஏதும் போட்டீங்களா?

— இல்லைங்க மேடம். கீழ திருப்பத்துல எரியுற அதே பல்புதான். மீட்டர் சொன்னபடி எடுத்தேன்.

— மீட்டர்னா?

— வெளிச்சத்தை அளக்குறதுங்க. இது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. ஷட்டர் திரையில ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பும், அதை அளக்கும். அவ்வளவுதான். எதிர்ல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

— தெரியாம எப்படி அளவு சொல்லுது?

— எதைக் காட்டினாலும் அது நடுத்தர சாம்பல் நிறம்னு மீட்டர் நினைச்சுக்கும்ங்க. உங்க கைப்பையைக் காட்டுங்க.

— நல்ல கறுப்பு இது.

— இப்போ கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற திரையில படத்தைப் பாருங்க.

— அட! சாம்பலா வெளுத்துப்போச்சே. சாரோட வெள்ளைச் சட்டையைப் படம் எடுங்க.

— என் சட்டை எதுக்கு மேடம்? விசாரணைக்கு வந்தீங்களா, விளையாட வந்தீங்களா?

— அசையாதீங்க சார். ஐயய்யோ, சட்டையும் சாம்பல்! ஒரு மாசம் துவைக்காத மாதிரி இருக்கு.

— இன்னைக்குக் காலையிலதான் இஸ்திரி போட்டேன்!

— அப்போ படக்காரரே, இருட்டைக் காட்டினா?

— அதையும் சாம்பலாக்கத்தாங்க பார்க்கும். கண்ணை வெச்சுப் பார்க்கிற துளைக்குள்ள ரெண்டு சிவப்பு அம்பு, நடுவுல ஒரு புள்ளி. புள்ளி மட்டும் எரிஞ்சா அளவு சரி. இந்தப் படியில அது எரியவே இல்லைங்க. ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தைக் கூட்ட டயலைத் திருப்பித் திருப்பி, அரை நொடிக்கு வந்தப்புறம்தான் எரிஞ்சுது. சுவத்துல சாஞ்சு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன்.

— அரை நொடி அதிகமா?

— வெளிய வெயில்ல ஆயிரத்துல ஒரு பங்கு நொடி போதுங்க. இங்க ஐ.எஸ்.ஓ.வையும், அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவையும், ஏத்தி வெச்சிருந்தேன்.

— சிம்பிள் மேடம், நானும் அந்தப் படத்தோட ஃபைலைப் பார்த்துட்டுத்தான் பேசுறேன். லென்ஸ் துவாரம் எட்டுன்னு போட்டிருக்கு. எட்டுன்னா நல்லா சுருக்கினது. அவ்வளவு சுருக்கியும் அரை நொடியில படம் வந்திருக்குன்னா, வெளிச்சம் இருந்துச்சுன்னுதானே அர்த்தம்? கேமரா பொய் சொல்லுமா?

— படக்காரரே?

— அது... கேமராவோட யூகம்ங்க.

— யூகமா?

— இது பழைய லென்ஸ். துவாரம் எவ்வளவு திறந்திருக்குன்னு கேமராவுக்குச் சொல்லாது. கேமராவா ஒரு கணக்குப் போட்டு எழுதிக்கும். இருட்டுல அந்தக் கணக்கு கண்டபடி போகும்.

— அப்போ நிஜமா எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?

— லென்ஸ் வளையத்தைத் திருப்பின எனக்குத்தாங்க.

— யோசிச்சுச் சொல்லுப்பா. அடுத்த மாசம் புதுக் கிடங்கைப் படம் எடுக்கணும். நீதான்னு மேலிடத்துல சொல்லி வெச்சிருக்கேன்.

— சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. சொல்லுங்க படக்காரரே. அந்த ஆளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா கிடைக்காதாங்கிறது இதுலதான் இருக்கு.

— ஒண்ணு புள்ளி நாலுங்க. முழுசாத் திறந்து வெச்சேன். அதுக்கு மேல திறக்க லென்ஸ்ல இடமில்லை. இந்தக் கேமராவுல ஃபோகஸ் பண்றப்போ, உள்ள ரெண்டாத் தெரியுற உருவத்தை ஒண்ணாச் சேர்க்கணும். படி விளிம்பே தெரியாம எதை எதோட சேர்க்கிறது? குத்துமதிப்பா அடி எண்ணி, அந்தத் தூரத்தை வளையத்துல வெச்சேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

— நல்லா இருக்குப்பா உன் நன்றி! மேடம், இவன் கதை விடுறான். பத்து வருஷமா இறங்குறேன், நான் கண்ணை மூடிட்டு இறங்குவேன் இந்தப் படியில.

— அப்படியா? இறங்கிக் காட்டுங்களேன். லோடுமேன் இறங்குறப்போ கதவு திறந்திருக்குமா?

— சரக்கு வெளிய போயிடும்னு சாத்திப் பூட்டிடுவோம்.

— போன்?

— வேலை நேரத்துல போன் கூடாது. கதவுக்குப் பக்கத்துல இருக்கிற அந்த ட்ரேயில போட்டுடணும்.

— உங்களதையும் போடுங்க. சாவியைப் படக்காரர்கிட்ட குடுங்க. உள்ள போங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க, நாங்க சொல்லாம கீழ கால் வைக்காதீங்க.

— இதுல என்ன இருக்கு? சிம்பிள்.

— சாத்துங்க படக்காரரே.

— பூட்டிட்டேங்க மேடம்.

— சார்! கேக்குதா? எத்தனை படி தெரியுது?

— மேடம், அந்த ட்ரேயில இருக்கிற என் போனைக் கதவுக்கு அடியில தள்ளுங்க. டார்ச் போடணும்.

— எழுதிக்கிறேன் சார். எழுதி முடிச்சுட்டுத் திறக்கிறேன்.