கட்டாயம்னே எழுதிக்குங்க

அதான் சொன்னேனே ஆபீசரம்மா, வேண்டாம்னு எழுதிக்குங்க. எங்க சபைப் பிள்ளைங்களுக்குத் தடுப்பூசியும் வேண்டாம், ஊசி போட்டே ஆகணும்னு சட்டமும் வேண்டாம். எங்களுக்கு ஜெபம் இருக்கு, ஜெபிச்ச தண்ணி இருக்கு. போதுமா? மூணாவது தடவையா கேக்குறீங்க.

கோவமெல்லாம் இல்ல. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஐயோ, திரும்பாதீங்க! அந்த மரத்தடியில வெள்ளை அங்கி, மொட்டைத் தலை, கையில கோலோட உக்காந்திருக்காரே, அவருதான் என் வீட்டுக்காரரு செபேதியா. சபை மூப்பர். நான் ரெண்டாவது சம்சாரம். இப்படி மெதுவாப் பேசினா அவருக்குக் கேக்காது, ஆனா மூஞ்சி தெரியும். இந்தாங்க, ரெண்டு பிடி நிலக்கடலைய மடியில போட்டு உரிங்க. பொம்பளைங்க ஏதோ ஊர்க்கதை பேசுறாங்கன்னு விட்டுருவாரு. அந்த நோட்டை மூடுங்க மொதல்ல.

பேரா? நியெம்பேசி. எழுதிராதீங்க.

போன குளிர்காலத்துல தட்டம்மை வந்துச்சு. எங்க வளவுல மொதல்ல அவரு மூத்த சம்சாரம் வீட்டுலதான், அந்தா ரெண்டாவது குடிசை. ஒரே வாரத்துல ரெண்டு பிள்ளை போச்சு. ரெண்டாவது பிள்ளையப் பொதைச்ச அன்னிக்கு வந்து களி கிண்டுறா. கிண்டுறா, கிண்டுறா, அடிப்பிடிச்சுக் கருகிப் பொகையுது, நிறுத்த மாட்டேங்கிறா. நான்தான் கையில இருந்த துடுப்பைப் பிடுங்கினேன். என்னையே பாத்துக்கிட்டு நின்னா.

அந்த சனிக்கிழமை சபையில இவரு எந்திரிச்சு, கிளினிக் வாசலை மிதிச்சவங்க இனி இங்க மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு. வெறும் பேச்சில்லம்மா. ரெண்டு பொம்பளைங்களை நிறுத்தி, வர்ற பிள்ளைங்க சட்டைக் கையை ஏத்திவிட்டு, ஊசி குத்தின தடம் இருக்கான்னு பாக்க வெச்சாரு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி நான். ஆமா, நானேதான். அப்படிப் பாக்காதீங்க. மூப்பர் சம்சாரம் முடியாதுன்னு சொல்ல முடியுமா?

சிரிங்க. சிரிங்கம்மா, எந்திரிச்சு நிக்கிறாரு. ம்... ஆட்டை வெரட்டத்தான் எந்திரிச்சாரு. உக்காந்துட்டாரு.

கிளினிக்குல ஒரு நர்சம்மா இருக்காங்க. பேரு சொல்ல மாட்டேன், பாவம். மாவு மில்லு அதுக்குப் பின்னாடிதான். அரைக்க வர்ற எங்க சபைப் பொம்பளைங்ககிட்ட காதோட சொல்லிவிட்டாங்க, வியாழக்கிழமை பின்பக்கமா வாங்க, கையில வேண்டாம், தொடையில போடுறேன், ஊசி கார்டும் என்கிட்டயே இருக்கட்டும்னு. அப்புறம் ஒரு வியாழக்கிழமை தலையில சோளம், முதுகுல என் சின்னவன் ஓபேத்தைக் கட்டிக்கிட்டுப் போனேன். ஊசி போட்டதும் வீல்னு கத்தினான். வாயைப் பொத்தினேன். மூச்சு முட்டுது விடும்மா, விடும்மாங்கிறாங்க நர்சம்மா. கை வரல எனக்கு.

மூணு வாரம் கழிச்சு எங்க குடிசைக்கும் வந்துருச்சு. அவனுக்கு இல்ல. என் பெரிய பொண்ணுக்கு. பேரு ருவா. அஞ்சே நாள்ல போயிட்டா.

வேண்டாம், தண்ணி வேண்டாம். கடலைய உரிங்க, கையை நிறுத்தாதீங்க.

இப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் இவரு ஓபேத்தைத் தூக்கிக் காட்டுறாரு. ஊசியே போடாத பிள்ளை, அக்காகூட ஒரே போர்வையில படுத்தான், ஒரு பொட்டு வந்துச்சா பாருங்க, இதுதான் விசுவாசம்னு. சனம் கைதட்டிப் பாடுது. நானும் பாடுறேன். அதைக் கேட்டுட்டு ஆத்தங்கரைக் குடும்பம் ஒண்ணு, கிளினிக்குக்குக் கெளம்பினவங்க, பாதி வழியில திரும்பிட்டாங்க. அந்தப் பிள்ளை இப்ப இல்ல. அதையும் நான்தானே...

சட்டம் வந்தா என்ன ஆகும்னா கேக்குறீங்க? ஓடுவாங்க. போலீஸ் லாரி வருதுன்னு ஒரு புரளிக்கே, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு எல்லை தாண்டி மொசாம்பிக் காட்டுக்குள்ள ஓடினாங்க. மூணு நாள். பிள்ளைங்களுக்கெல்லாம் பேதி. அதையும் உங்க பெரியவங்ககிட்ட சொல்லுங்க, மறைக்காதீங்க. ஆனா எல்லாரும் ஓட மாட்டோம்மா. சில பேரு ஓடுற மாதிரி ஓடி, தடுக்கி விழுவோம், பிடிச்சிரட்டும்னு. அப்புறம் புருஷன்கிட்ட வந்து, துப்பாக்கியோட வந்தாங்க, நான் என்ன பண்ணுவேன்னு மாரடிச்சு அழுவோம். அவராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. யாராவது கட்டாயப்படுத்தினாத்தான் எங்களுக்கு வழி. நான் சத்தமாச் சொன்னதை அடிச்சிருங்க. கட்டாயம்னே எழுதிக்குங்க.

பெரியவளையா? அன்னிக்கு ஊசிக்கு ஏன் கூட்டிட்டுப் போகலன்னா?

நானும் வர்றேன்னு பாதை வரைக்கும் பின்னாடியே வந்தா. நடந்துருப்பா, தூக்க வேண்டியதுகூட இல்ல. ஓபேத்துக்கு அப்ப ஒரு வயசு, இன்னும் வார்த்தை வரல. அவளுக்கு நாலு. அப்பான்னா உசிரு. எங்க போனாலும் என்ன பாத்தாலும் ஓடி வந்து அவரு மடியில உக்காந்து ஒண்ணு விடாம ஒப்பிச்சிருவா.

அதனாலதான் வீட்டுல விட்டுட்டுப் போனேன்.