குரூப்ல படிச்சேன்

வேதத்தைக் கொஞ்சம் மூடி வைங்க. அன்பைப் பத்தி அரை மணி நேரமா பேசிட்டேன்... இப்ப என் வீட்டுல நடந்த ஒரு சின்ன கதையைச் சொல்லிடுறேன். குடும்ப ஐக்கியக் கூட்டம்தானே, சொல்லலாம்.

போதகர் ஐயா கையில ஏன் தலையணைன்னு நான் வந்ததுல இருந்து பாக்குறீங்க. பைபாஸ் ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆச்சு. இருமினாலும் சிரிச்சாலும் இதை நெஞ்சோட சேத்து இறுக்கிப் பிடிச்சுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினாங்க. பிடிக்கலேன்னா உயிர் போற வலி. அதனால புண்ணியமாப் போகும், யாரும் என்னைச் சிரிக்க வைக்காதீங்க.

வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நம்ம சபையோட வாட்ஸ்அப் ஜெபக் குரூப்ல தினமும் காலையில எழுதினேன். ஞாபகம் இருக்கா? 'இன்று இரண்டு இட்லி. வராந்தாவில் எட்டு நிமிடம் நடந்தேன். இடது பக்கம் வலி. ஜெபிக்கவும்.' உடனே அறுபது எழுபது கும்பிடுற கை வந்து விழும். அதுல எனக்கு ஒரு தெம்பு.

போன வாரம் மத்தியானம்... மனசு லேசா இருக்கட்டும்னு வெளியூர்ல இருக்கிற மக போன் பண்ணி, டிவியில ஒரு காதல் காமெடிப் படத்தைப் பாக்கச் சொன்னா. போதகர் காதல் படம் பாக்கலாமான்னு கேக்காதீங்க. பாத்தாச்சு. நானும் என் மனைவி புளோராவும்தான்.

படத்துல என்ன கதை? ஒரு பையன். எதிர்வீட்டுப் பொண்ணு மேல அவனுக்கு உசிரு. அதை பால்காரர்கிட்ட சொல்றான், பஸ் கண்டக்டர்கிட்ட சொல்றான், அவ அண்ணன்கிட்டயே சொல்றான்... ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவ எதிர்ல வந்தா, 'ஒண்ணும் இல்ல, சும்மா'ன்னு போயிடுறான். ரெண்டரை மணி நேரம் இதேதான். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. இதுல சிரிக்க என்ன இருக்கு? ஆனா சிரிப்பு வருது. தலையணையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். "அடேய், அவகிட்ட சொல்லித் தொலையேன்டா"ன்னு டிவியைப் பாத்து ஏசுறேன்.

திரும்பிப் பாக்குறேன்... புளோரா அழுதுக்கிட்டு இருக்கா.

காமெடி சீன், பாத்துக்கோங்க. ஊரே சிரிக்கிற இடம். இவ ஏன் அழுறா? மக ஞாபகமா? நான் ஏதாவது ஏசிட்டேனா? மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டாளா? ஒண்ணும் விளங்கல. டிவியை நிறுத்திட்டு, என்னம்மான்னு கேட்டேன்.

அவ முந்தானையில கண்ணைத் துடைச்சா. சத்தமே போடல. "உங்களுக்கு வலிக்குதுன்னு நான் குரூப்ல படிச்சேங்க" அப்படின்னா.

எப்படி இருக்கு கதை?

தினமும் காலையில காபியை வச்சுட்டு, 'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேப்பா. நான் என்ன சொல்வேன்? 'ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்.' அவ அடுப்படிக்குப் போனதும் போனை எடுத்து, இடது பக்கம் வலின்னு உங்களுக்கு எழுதுவேன். அவ பயந்துடுவாளேன்னுதான் சொல்லல... ஆனா அவளும் அந்தக் குரூப்லதானே இருக்கா? இது எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அடுப்படியில தனியா நின்னு படிச்சிருக்கா. எழுபது பேர் கும்பிடுற கை போட்டதுக்கு அப்புறம் படிச்சிருக்கா. அவ பயப்படக் கூடாதுன்னு நினைச்சு, அவளைத் தனியா பயப்பட விட்டிருக்கேன்.

இருபத்தாறு வருஷமா பிரசங்கம் பண்றவன் நான். அன்னைக்கு என் பிரசங்கம் ஒரே வரிதான். "இப்பவும் வலிக்குது, புளோரா"ன்னேன். அவ கிட்ட வந்து உக்காந்து, தலையணையை என் நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டா. எனக்கும் அழுகை வந்துச்சு. அழுதா வலிக்குமா வலிக்காதான்னு ஆஸ்பத்திரியில சொல்லவே இல்ல... வலிக்கத்தான் செஞ்சுது.

ஏன் அப்படி இருந்தேன்னு எனக்கு இன்னும் குழப்பமாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் விளங்குச்சு, உங்களுக்கும் சொல்றேன். ஊருக்குச் சொல்லுங்க, சபைக்குச் சொல்லுங்க, வேணாங்கல. ஆனா காபி கொண்டு வந்து வச்சுட்டு கேக்குறாங்களே... அவங்களுக்கு முதல்ல சொல்லுங்க.

இன்னைக்குக் காலையில குரூப்ல ஒண்ணும் வரலையேன்னு பதினாறு பேர் போன் பண்ணிட்டீங்க. ஐயா எப்படி இருக்காருன்னு தெரியணுமா? அந்தா, மூணாவது வரிசையில பச்சைச் சேலையில புளோரா உக்காந்திருக்கா. போய் அவளைக் கேளுங்க. அவளுக்குத் தெரியும்.