புதன்கிழமைக் கறியும் கறுப்பு பாட்டிலும்

ராத்திரி ஏழு மணிக்கு எனக்குச் சோறு வேண்டும், ஃபாதர். அதைத் தாண்டி எனக்கு ஆசை என்று ஒன்றும் கிடையாது. ஆகையால் பெரிய பாவம் எதையும் இந்த ஏசுராஜிடம் எதிர்பார்க்காதீர்கள். இங்கே சொன்னது வெளியே போகாது என்கிறீர்கள். எழுபது வருஷமாக நான் அதை நம்பியதில்லை. இன்றைக்கு நம்பிப் பார்க்கிறேன்.

என் மருமகள் ஃபெபியை உங்களுக்குத் தெரியும். பூசையில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுகிறவள். புதன்கிழமைதோறும் அவளுக்கு மகளிர் குழுக் கூட்டம். முடிந்து வர ஆறரை ஆகிவிடும். அதற்குமேல் குழம்பு கூட்டினால் என் ஏழு மணி என்னாவது? அதனால் போனைப் பார்த்து ஒரு அவசரச் சமையல் கற்றுக்கொண்டாள். மாட்டுக்கறியை ரிப்பன் மாதிரி அரிந்து, பப்பாளிக்காய்த் துருவலில் பிசறி வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவாள். வந்ததும் இருப்புச்சட்டியைப் புகைய விட்டுக் கறியைப் போடுவாள். பிறகு பீன்ஸ், கேரட், குடமிளகாய். கடைசியில் ஆளுக்கு ஒரு கரண்டி சோயா சாஸ். கால்மணி நேரத்தில் தட்டு என் முன்னால் இருக்கும். குறை சொல்ல மாட்டேன்.

அந்த சாஸ்தான் எனக்குப் பிடிபடவில்லை. கறுப்பாக ஒரு தண்ணீர். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. நான் மூன்றாம் வகுப்பு. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடாதவன், பேர் தெரியாத தண்ணீரை வயிற்றுக்குள் விடுவேனா? வாசல் கல்லில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். எறும்பு கிட்ட வந்து, முகர்ந்து, திரும்பிப் போய்விட்டது. எனக்கு அது போதும்.

அவள் வாங்கி வந்த முதல் நாளே, மூடி திறந்து ஒரு மணி நேரத்துக்குள், பாட்டிலைக் கழுவிவிட்டு நம் தோட்டத்துக் காப்பியில் கெட்டியாக டிகாக்ஷன் இறக்கி, கருப்பட்டியும் துளி உப்பும் போட்டு நிரப்பி வைத்தேன். உள்ளே இருந்ததை வீணாக்கவில்லை. செருப்புக்குப் பூசினேன். நல்ல மினுமினுப்பு. நாய் ஒன்று ஒரு வாரம் என் பின்னாலேயே வந்தது, அவ்வளவுதான் சேதாரம்.

ஒருமுறை கேட்டாள்.

“ஏனுங்க மாமா, இந்த சாஸ் காப்பி வாசம் அடிக்குதுங்களா?”

“இந்த ஊட்டுல எதுதான் கண்ணு காப்பி வாசம் அடிக்கல? தலகாணியே அடிக்குது.”

வாசல் முழுக்கக் காப்பிக்கொட்டை காய்கிற வீடு. நான் பொய் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. வாராவாரம் நான்தான் புதிதாக இறக்கி ஊற்றினேன். நான் கடையில் வாங்கி நிரப்புவதாக அவள் நினைத்துக்கொண்டாள். அவளும் கைப்பழக்கத்தில் ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி, மேலே தாராளமாகக் கல்லுப்பு என்று கணக்காகப் போடுவாள். திருவிழா அன்று நீங்களும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு சந்தோஷ் வந்தான். சேலத்துக்காரன், மஞ்சக்குட்டை ரோட்டில் தங்கும் விடுதி நடத்துகிறான். ஒரு புதன்கிழமை மழையில் வண்டி நின்றுபோக, என் மகன் ஆண்டனி ராஜ் அவனை ஜீப்பில் ஏற்றி நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். அவன் சாப்பிட்டான். தட்டை வழித்தான்.

“அக்கா, நொம்ப நல்லாருக்குங்க. எங்க கெஸ்ட்டுக்கு தெனமும் சாயங்காலம் வந்து ஆக்கித் தர்றீங்களா? அடுத்த புதன் எட்டுப் பேரு வர்றாங்க, அன்னிக்கு ஒருக்கா ஆக்கிக் காட்டுங்க. புடிச்சுதுன்னா வேலை உங்களுக்குத்தான்.”

ஃபெபி அவனுக்கு இன்னொரு கரண்டி கறி வைத்தாள். வெளி ஆள் ஒருத்தர் அவளைத் தேடி, அவள் கைப்பக்குவத்துக்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே மாதாவுக்கு நவநாள் தொடங்கினாள். ஒன்பது நாளும் கறியை நாக்கில் வைக்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். இதை என் காதுபடத்தான் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

“வேலை கெடச்சா வர ஒம்போதரை ஆயிருமுங்க மாமா. மத்தியான ரசத்தச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கோங்க.”

இரண்டு நாள் நிதானமாக யோசித்தேன். கோபப்படுகிற ஆள் இல்லை நான்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் கடைத்தெருவுக்குப் போய், என் சொந்தக் காசில் அசல் சோயா சாஸ் வாங்கினேன். அதுவே உப்பு, பார்த்து ஊற்றுங்கள் என்று கடைக்காரனே சொன்னான். டிகாக்ஷனைக் கொட்டிவிட்டு அவள் பாட்டிலில் அதைக் கழுத்து வரைக்கும் ஊற்றினேன். யோசித்துப் பாருங்கள், ஃபாதர். ஒன்றரை வருஷமாக வெளியே ஒரு பேர், உள்ளே ஒரு சரக்கு. அன்றைக்குத்தான் இரண்டும் ஒன்றானது. அதில் என்ன தப்பு?

எட்டுப் பேருக்கு எட்டுக் கரண்டி ஊற்றியிருக்கிறாள். வழக்கம்போல மேலே கல்லுப்பு. நேர்ச்சை இருந்ததால் ருசி பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டவர்களில் ஒருத்தர் மேஜை மேலிருந்த பூச்சாடித் தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிட்டாராம். “கடலையே கொண்டாந்து கவுத்துட்டீங்களே அக்கா” என்று சொல்லி சந்தோஷ் அவளை அனுப்பிவிட்டான். ஆண்டனி ராஜ்தான் ஜீப்பில் கூட்டி வந்தான்.

அவள் அடுப்படியில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

“நவநாளுல நான் ஏதோ தப்பு பண்ணிப்போட்டேனுங்க மாமா.”

“இருக்கும் கண்ணு” என்றேன்.

அதுதான் நான் செய்தது. வேலையைக் கெடுத்தவன் நான்தான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மனசு உறுத்தித்தான் வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். உறுத்துவது வேறு. அவள் அந்த பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டாள். கை ராசி போய்விட்டதாம், அந்தக் கறியை இனி ஆக்கவே மாட்டாளாம். நாலு புதன்கிழமை ஆயிற்று. நாலும் உப்புமா.

அதனால் ஒரு உதவி செய்யுங்கள். அந்தக் கறி சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று ஃபெபியிடம் நீங்களே சொல்லுங்கள். உங்கள் வார்த்தையைத் தட்ட மாட்டாள். இந்தப் புதன் ஏழு மணிக்கு வாருங்கள். சந்தோஷைக் கூட்டி வர வேண்டாம். புது பாட்டில் வாங்கி, உள்ளே இருந்ததைச் செருப்பில் தேய்த்துவிட்டு, டிகாக்ஷன் இறக்கித் தயாராக வைத்திருக்கிறேன். கோவில் வாசலில் என் செருப்பை நக்கிக்கொண்டிருக்கும் நாய் யாருடையது என்று கேட்டீர்களே, அது அப்படி வந்ததுதான்.

எனக்கு அந்தக் கறிமேல் ஆசையெல்லாம் கிடையாது, ஃபாதர். நீங்கள் சாப்பிடும்போது மரியாதைக்கு எனக்கும் ஒரு தட்டு வைப்பாள். அவ்வளவுதான்.