ஆறாம் குவளையும் ஐம்பத்து மூன்று நிமிடங்களும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, அறிவைப் பாடமாகவும் அன்பைப் பழக்கமாகவும் தரும் ஆசிரியப் பெருமக்களே, வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, கைக்குழந்தையோடு கதவோரம் நிற்கும் தாய்மார்களே, என்னைச் சிரிக்கவைக்கத் துடிக்கும் பத்தாம் வகுப்புத் தோழிகளே, வணக்கம்! நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, நீரில் கரைந்த கரியமில வாயுவை மின்முனையால் அளத்தல். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விடுகிறீர்கள். பொறுங்கள், இதில் ஒருவருடைய வேலை போகப் பார்த்தது.

மின்முனை என்பது பேனா அளவே உள்ள ஒரு குச்சி. அதன் நுனியில் மெல்லிய சவ்வு. நீர் நுழையாது, வாயு மட்டும் நுழையும். நுழைந்த வாயு உள்ளிருக்கும் சிறு கரைசலைப் புளிக்க வைக்கும். எவ்வளவு புளித்தது என்பதைக் கருவி எண்ணாகக் காட்டும். அதை அவசரப்படுத்த முடியாது. எண் ஓடும், ஊசலாடும், பிறகே நிற்கும். ஒரு குவளைக்கு எட்டு நிமிடமாவது வேண்டும்.

அளப்பவர் என் அம்மா. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு நாள் முழுக்க அவர் வேலையைப் பார்த்து எழுதிவரும்படி பள்ளியில் சொன்னார்கள். நோட்டுப் புத்தகத்தோடு போனேன்.

அன்று மீன்பண்ணையிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் மேற்பார்வையாளர். மற்றவர் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். ஆறாம் தொட்டியில் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. காரணம் நீரா, ஆளா? "இவருக்குத் தீவனம் போடத் தெரியல. தண்ணி நல்லா இருந்தா நாளையிலிருந்து வேற ஆளு" என்றார் மேற்பார்வையாளர். தொட்டிக்காரர் கையிலிருந்த பெட்டியைத் திறந்தார். ஆறு தொட்டிகளின் நீரையும் தொட்டிக்கு இரண்டு பாட்டிலாகக் கொண்டுவந்ததை மேசையில் வைத்துவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்.

எல்லா நீரும் ஒரே சூட்டில் இருந்தால்தான் அளவு சரியாக வரும். ஆகவே அம்மா ஆறு குவளைகளிலும் நீரை முன்கூட்டியே ஊற்றி, அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று வரிசையாக வைத்தார். இரண்டாவது பாட்டில்கள் மூடியபடி பெட்டிக்குள் இருந்தன. ஒன்றாம் குவளையிலிருந்து வரிசையாக அளந்தார். ஆறாம் குவளைக்கு லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் வந்தது. நல்ல தண்ணீர். அறிக்கையில் கையெழுத்திட்டார். மேற்பார்வையாளர் அதை மடித்துப் பையில் வைத்தபடி வெளியே போனார்.

"அப்போ என் கைதான் சரியில்லையா, சார்?" என்று தொட்டிக்காரர் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

அம்மா குவளைகளைக் கழுவினார். "என்ன எழுதினே, படி பாக்கலாம்" என்றார். படித்தேன். "மணி மூன்று ஐந்து: ஆறு குவளையிலும் ஊற்றினார். மூன்று ஐம்பத்தெட்டு: ஆறாம் குவளையில் மின்முனையை வைத்தார்."

குழாய் நின்றது. "திரும்பப் படிடி."

படித்தேன்.

"ஐம்பத்து மூணு நிமிஷம் தெறந்தே கெடந்திருக்கு! சோடாவைத் தெறந்து வச்சுட்டு கேஸ் எங்கேன்னு தேடியிருக்கேனே!"

ஈரக்கையோடு ஓடினார். வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேப்பரைக் குடுங்க சார். அளந்தது தப்பு."

"மெஷின் பொய் சொல்லுமா, மேடம்?"

"மெஷின் பொய் சொல்லலை. நான்தான் சொல்ல வச்சேன். எறங்கி வாங்க. அண்ணே, நீங்களும் வாங்க."

சபையோரே, அந்த இடத்தில் அம்மா பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? கருவி காட்டிக்கொடுக்குமா? காகிதம் காட்டிக்கொடுக்குமா? காலிக் குவளை காட்டிக்கொடுக்குமா? கணக்குப் பாடத்தில் தடுமாறும் நான் காட்டிக்கொடுப்பேனா? ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் அவர் ஓடினார்.

ஆறாம் தொட்டியின் இரண்டாவது பாட்டிலை மூடியபடியே அறையின் சூட்டுக்கு வரவிட்டு, திறந்த உடனே மின்முனையை வைத்தார். கூடத்து உதவியாளர், "அக்கா, மணி அஞ்சு. லைட்டை அணைக்கட்டுமா?" என்றார். "நம்பர் நிக்கட்டும், தம்பி" என்றார் அம்மா. எண் ஏறியது. இருபதைத் தாண்டியது. முப்பத்தொன்றில் நின்றது.

ஒன்பது அல்ல, முப்பத்தொன்று, மீன் தாங்காத அளவு! தொட்டிக்காரர் எண்ணைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார். "நான் சொன்னா யாரும்மா கேட்டாங்க?" என்றார்.

மறுநாள் பார்த்தபோது ஆறாம் தொட்டிக்குக் காற்று தரும் குழாய் அடைத்து, கரியமில வாயு வெளியேறாமல் நீரிலேயே தேங்கியிருந்தது. அவர் வேலையில் இருக்கிறார். இன்று அழைத்தேன், தீவனம் போடும் நேரம் என்று வரவில்லை. அம்மாவிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஒரு வரி சேர்ந்தது. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் நடந்தது.

இதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு. நிமிஷத்தை மட்டும் குறைச்சுச் சொல்லாதே" என்றார். குறைக்கவில்லை, அம்மா. ஐம்பத்து மூன்று. மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருக்கிறீர்கள், நிமிருங்கள். தவறே செய்யாத கைகளை நான் இதுவரை பார்த்ததில்லை. தன் தவறைத் துரத்திக்கொண்டு ஓடிய கால்களைப் பார்த்திருக்கிறேன்!

கைதட்டல் போதும், தோழிகளே. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், தூங்காத பின்வரிசைக்கும், அழாத குழந்தைக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். நேரம் முடிந்தது என்று மேடை விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அதையும் பதிவு செய்கிறேன்.