சீமாட்டியின் பேர்

— மறுபடியுமா ஏட்டையா? கூரையில இன்னும் குத்தாத எடம் எங்க இருக்குன்னு நானே காட்டட்டுமா? போன தடவ ஒங்க ஆளுக ஈட்டி விட்ட ஓட்டையில மழ நேரா என் படுக்கையில வந்து விழுகுது.

— கூரைய விடு, சபீனா. இன்னிக்கி சோதனை போட வரல. கதவச் சாத்து.

— கதவச் சாத்தவா? ஃபேரலி ஏட்டு பட்டப்பகல்ல ஹெஹிர் வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருந்தாருன்னு ஊரு பேசவா? எம்புருஷன் மர்ட்டி என்னிஸ் ஜெயில்ல கெடந்தாலும் நான் மானத்தோட கெடக்கேன். தெறந்தே இருக்கட்டும்.

— சரி, பாதி சாத்து. நான் சொல்றதக் கேட்டுக்க. சால்வைய எடு. மாத்துத் துணி ரெண்டு எடு. வாசல்ல மூடு வண்டி நிக்குது. சத்தங்காட்டாம ஏறு.

— ஓகோ. என்னயும் புடிக்க வந்தீகளாக்கும். வெலங்கக் காணோமே?

— கைது இல்லம்மா. பாதுகாப்பு. மேலிடத்து உத்தரவு.

— பாதுகாப்பா! ஆத்தாடி! யாருகிட்ட இருந்து? அந்தா, சதுப்புல குனிஞ்சு மண்ணு வெட்டுறாகளே, அவுககிட்ட இருந்தா? அவுக வெட்டுறது யாருக்குன்னு நெனச்சீக? எனக்கு. காஞ்சா வெறகாட்டம் எரியுற மண்ணு, வர்ற குளிருக்கு என் அடுப்பு எரியணும்னு வெட்டுறாக.

— எத்தன பேரு?

— பதினெட்டு. எண்ணிக்கிட்டுத்தான் வந்திருப்பீக, என்கிட்ட எதுக்குக் கேக்குறீக? மர்ட்டிய நீங்க இழுத்துட்டுப் போன நாள்ல இருந்து நான் மண்வெட்டியத் தொடல. உருளைக்கெழங்கு அம்புட்டையும் ஒரே காலையில வந்து நட்டுட்டு, ஒரு வா மோர்கூட வாங்கிக் குடிக்காமப் போயிட்டாக. கிழவி லில்லிஸ் இருக்கிற ஒத்தக் கோழியோட முட்டைய எனக்குக் கொண்டாந்து வைக்கிறா. ஊருக்காக உள்ள போனவன் பொண்டாட்டின்னு அப்பிடி ஒரு மருவாதி. ஒங்க ராசாகிட்ட உண்டா இந்தப் பாதுகாப்பு?

— பதினெட்டுப் பேரு கையிலயும் மண்வெட்டி இருக்கு.

— மண்ண வெட்ட கரண்டியா கொண்டாருவாக? பயமாயிருக்கா ஏட்டையா?

— இருக்கு. எனக்காக இல்ல.

— ...ஏன் அப்பிடிப் பாக்குறீக?

— சனிக்கெழம ஜெயிலுக்கு வந்தியே.

— வந்தேன். இருபது மைல் நடந்து வந்தேன். ஓட்ஸ் அடை சுட்டு, இருந்த வெண்ணெயத் தடவி எடுத்துட்டு வந்தேன். வாசல்லயே வாங்கிக்கிட்டாக. மர்ட்டிக்குக் காச்சல், பாக்க முடியாதுன்னாக. திரும்பி நடந்தேன்.

— காச்சல் இல்ல.

— அப்ப அடிச்சிருக்கீக!

— ஒருத்தரும் கைய வைக்கல. நல்லாருக்கான். அவனோட சேத்துப் புடிச்ச மத்த பதினோரு பேரு கூட இப்ப அவன் இல்ல, கேட்டுக்க. தனி ரூமு. கட்டில் இருக்கு, கணப்பு இருக்கு. சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி.

— ஆட்டுக்கறி.

— ஆமா.

— எங்க கல்யாணத்துக்கே ஆட்டுக்கறி கெடையாது ஏட்டையா.

— சபீனா, நான் சுத்தி வளைக்கல. திங்கக்கிழம கோர்ட்டுல அவன் குத்தவாளிக் கூண்டுல நிக்க மாட்டான். எதுத்தாப்புல நிப்பான். அப்ரூவர் ஆயிட்டான். ஒக்காரு. மொதல்ல ஒக்காரு.

— நான் நிப்பேன். நல்லாருக்கு ஏட்டையா, நல்லாவே இருக்கு. கேவன் ஜில்லாவுல இருந்து ஒங்கள இங்க அனுப்புனதே இதுக்குத்தானா? பொண்டாட்டிகிட்ட வந்து புருஷன் சொல்லிட்டான்னு சொல்றது, புருஷன்கிட்ட போயி பொண்டாட்டி சொல்லிட்டான்னு சொல்றது. பழைய கத. என் மாமனாரு காலத்துலயே இதத்தான் சொன்னாக. வேற ஏதாச்சும் புதுசா யோசிங்க.

— பொய்யின்னா சந்தோசந்தான்.

— மர்ட்டி பயந்தவன். சண்டைக்காரன். குடிச்சா அழுகுறவன். எல்லாம் எனக்குத் தெரியும், பதிமூணு வருசம் சோறு போட்டவ நான். ஆனா காட்டிக் குடுக்க மாட்டான். அந்தப் பதினோரு பேருல ஆறு பேரு அவனுக்குச் சொந்தக்காரக.

— ஹார்ட்னல் துரையோட மாட்டுக்காரன் கையில இருந்து புடுங்குன துப்பாக்கி ஞாபகம் இருக்கா?

— எந்தத் துப்பாக்கி? எனக்கு எதுவும் தெரியாது.

— தெரியாமலே இருக்கட்டும். இன்னிக்கிக் காலையில அதத் தோண்டி எடுத்துட்டோம். மலைக்கு அந்தப் பக்கம், ஒன் தம்பி செனன் வீட்டுல. கணப்புக்கு முன்னாடி கெடக்குற கல்லு, அதுல எடது பக்கத்துல ரெண்டாவது. நேராப் போனோம், அந்த ஒரு கல்ல மட்டும் பேத்தோம். வேற எதையும் தொடக்கூட இல்ல.

— ...எடது பக்கமா.

— ரெண்டாவது கல்லு. எண்ணெய்த் துணியில சுத்தியிருந்துச்சு. அந்த எடம் எத்தன பேருக்குத் தெரியும், சபீனா?

— மூணு பேருக்கு.

— செனன் சொல்லியிருக்க மாட்டான். நீயும் சொல்லல.

— தண்ணி... அந்தச் செம்ப எடுங்க. இல்ல, வேண்டாம். நானே எடுத்துக்கிறேன். எப்ப இருந்து?

— மூணு வாரமாச்சு.

— மூணு வாரமா இந்த சனங்க எனக்குச் சோறு போட்டிருக்காக. டால்ட்டி மகன் உள்ள கெடக்கான், அவனப் பெத்தவ நேத்து எனக்கு மோரு குடுத்தா. நான் வாங்கிக் குடிச்சேன் ஏட்டையா. மர்ட்டி வந்ததும் ஒம்மகனும் வந்துருவான்னு அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவன் அந்நேரம் ஆட்டுக்கறி தின்னுக்கிட்டு அவ மகன் பேரச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கான்.

— மெல்லப் பேசு. காத்து அந்தப் பக்கம் அடிக்குது.

— செனன என்ன பண்ணுனீக?

— கொல்லன் பட்டறையில வச்சுப் புடிச்சோம். எதுக்கல. பாலத்தத் தாண்டி இன்னொரு வண்டியில போயிக்கிட்டு இருக்கான்.

— துப்பாக்கி வச்சிருந்ததுக்கு என்ன குடுப்பாக? ஏழு வருசம் கப்பலேத்தி நாடு கடத்துவாகளா?

— துப்பாக்கி மட்டும்னா அதான்.

— மட்டும்னா?

— மர்ட்டி சாட்சிப்படி, செனன்தான் சீமாட்டி.

— என்னது?

— பாட்ரிக் திருநாளுக்கு மறுநாள் ஹார்ட்னல் துரை புல்வெளிய இருநூறு பேரு கொத்திப் போட்டாங்க. முன்னால ஒருத்தன் நின்னான். மூஞ்சியெல்லாம் கரி, சிவப்புப் பாவாடை, தலையில முக்காடு. ஆம்பளை பொம்பளை வேஷங்கட்டி நின்னான். சனங்க சீமாட்டி சீமாட்டின்னு கூப்பிட்டாங்க. அவன் கையத் தூக்கினதும் அத்தன பேரும் வரப்பத் தாண்டிக் குதிச்சாங்க. அன்னிக்கி மாட்டுக்காரன் செத்தான். அடிச்சது யாருன்னு தெரியல, ஆனா கூட்டத்த நடத்துனவன் மேலதான் கொலைப் பழி. மேலிடத்துக்கு அந்தச் சீமாட்டி வேணும். சீமாட்டிக்குத் தூக்கு.

— செனன் அன்னிக்கி அங்க இல்லவே இல்ல! அவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்து, மருத்துவச்சியக் கூட்டியாரக் குதிரையில போனான். அவன் புள்ள பொறந்த நாளு அது!

— மருத்துவச்சி யாரு?

— அவன் மாமியா.

— பாத்தியா. மாமியா சாட்சிய எந்த ஜட்ஜு கேப்பான்? சரி, கெளம்பு. லிமரிக்குல கப்பல் நிக்குது. கேஸ் முடிஞ்சதும் மர்ட்டியும் நீயும் கடல் தாண்டி கியூபெக் போயிறலாம். அங்க வேற பேரு. ஹெஹிர்னு யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்.

— என் தம்பி தூக்குல தொங்குவான், நான் கப்பல்ல போவேன். நல்ல ஏற்பாடு.

— இங்க இருந்தா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியும். திங்கக்கிழம அவன் வாயத் தெறந்ததும் இந்தக் கூரையில நெருப்பு வப்பாங்க. அப்ரூவர் குடும்பம்னா பொம்பளை, கொழந்தன்னு பாக்க மாட்டாங்க.

— கொழந்த இல்ல. ரெண்டையும் மார்ச்சு மாசம் ஒரே குழியில வச்சேன். கெழங்கு வெளஞ்ச மண்ணையெல்லாம் துரை புல்லாக்கி மாட்ட மேய விட்டாரு. மாடு கொழுத்துச்சு. என் சின்னது கடைசியில வேலியோரத்துக் காஞ்சொறிய வேக வச்சுத் தின்னுச்சு. அப்புறம் அதையும் முழுங்க முடியல. ஏட்டையா, ஒங்க வீட்டுலயும் கெழங்குதானே தின்னு வளந்தீக?

— ...கெழங்குதான். அதுவும் எல்லா வருசமும் இல்ல.

— அப்ப ஒங்களுக்குச் சொன்னாப் புரியும். புல்ல ஒரு தடவ பொரட்டிப் போட்டுட்டா மறுபடி மேய்ச்சலுக்கு ஆகாது. வேற வழியில்லாம கெழங்குக்கு விட்டுத்தான் ஆகணும். அம்புட்டுத்தான் எங்க திட்டம். யாரையும் கொல்லணும்னு இல்ல.

— எங்க திட்டமா?

— ஆமா. நீங்களும் அன்னிக்கி எட்டு போலீசோட மேட்டு மேல நின்னீகளே. சீமாட்டி ஒங்கள நேராப் பாத்துச்சா இல்லையா?

— பாத்துச்சு.

— இப்பவும் அதே கண்ணுதான் ஒங்களப் பாக்குது. வேஷங்கட்ட வேண்டியது மர்ட்டிதான். என் பாவாடையக் கேட்டு வாங்கி மடிச்சு வச்சிருந்தான். விடிஞ்சதும் வயித்த வலிக்குதுன்னு சுருண்டு படுத்துட்டான். வெளிய இருநூறு பேரு வரப்போரத்துல நின்னுக்கிட்டு, நீ போ நான் போன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறான். பாவாட என்னோடதுதானே? நானே கட்டிக்கிட்டேன். அடுப்புக் கரிய எடுத்து அப்பிக்கிட்டேன். வாயே தெறக்கல, கைய மட்டும் தூக்குனேன். அவுகளுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது, யாரோ பக்கத்து ஊருக்காரன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. தெரிஞ்சது மர்ட்டிக்கும், அப்புறம் நான் சொல்லி செனனுக்கும் மட்டுந்தான்.

— சபீனா, போதும். இத நான் கேக்கல.

— கேளுங்க! இன்னுங் கேளுங்க! பொண்டாட்டி போயிட்டாளேன்னு வெக்கப்பட்டு மர்ட்டி பின்னால ஓடியாந்தான். மாட்டுக்காரன் துப்பாக்கியத் தூக்கி வெடிச்சான், யாரு மேலயும் படல. அதோட விட்டிருக்கலாம். அத்தன பேருக்கும் முன்னால தன்ன ஆம்பளன்னு காட்டணும்னு மண்வெட்டியத் திருப்பி வீசுனது யாரு தெரியுமா? ஆட்டுக்கறி தின்னுக்கிட்டு இருக்கானே, ஒங்க சாட்சி, அவன்தான்.

— தெரியும்.

— தெரியுமா?

— அவனே சொன்னான். தூக்குக் கயித்த நெனச்சு நெனச்சு அழுதான். சாட்சி சொன்னா உசுரு தப்பும்னு மேலிடத்துல சொன்னாங்க. அதுக்கப்புறந்தான் பேச ஆரம்பிச்சான்.

— அப்ப கொன்னவன் கப்பலேறுவான். ஊருலயே இல்லாதவன் தொங்குவான். இதுக்குப் பேரு ஒங்க ஊர்ல சட்டமா?

— நான் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன்.

— இருங்க, இருங்க. எனக்கு இப்பத்தான் வெளங்குது. சீமாட்டி யாருன்னு அவன நெருக்கியிருக்கீக. எம்பேரச் சொல்ல அவனுக்கு மனசு வரல. அந்தக் கோழப்பயலுக்கு என்னத் தூக்குல பாக்க மனசு வரல. ஏதாச்சும் ஒரு பேரச் சொல்லணுமே, செனனச் சொல்லிட்டான். என்ன ஒளிச்சு வைக்க என் தம்பி கழுத்தக் குடுத்திருக்கான். அடப்பாவி. என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வந்து நின்னிருப்பேனே. கூடப் பொறந்தவன வித்துத்தானா என்னக் காப்பாத்தணும்?

— அழாத. சதுப்புல ஒரு ஆளு திரும்பிப் பாக்குறான்.

— பாக்கட்டும். பதினோரு பேர வித்தான், ஊர வித்தான், தம்பிய வித்தான். அதுக்கெல்லாம் நான் அவன் மூஞ்சியில முழிக்கப் போறதில்ல. ஆனா என்ன மட்டும் விக்கல பாத்தீகளா. பதிமூணு வருசத்துக்கு அந்த ஒண்ணாவது மிஞ்சுச்சு. அத எடுத்துக்கிட்டு நான் போறேன்.

— எங்க போற?

— வண்டியில ஏறப் போறேன். சால்வ கூட வேண்டாம். ஆனா பாதுகாப்புக்கு இல்ல. நேரா மாஜிஸ்திரேட் துரை வீட்டுக்கு விடுங்க. நான்தான் சீமாட்டின்னு சொல்றேன். அந்தப் பாவாட பொட்டியில இருக்கு, முழங்கால் வரைக்கும் ஹார்ட்னல் துரை வயல் சேறு காஞ்சு கெடக்கு, அதையும் எடுத்துக்கிறேன். செனன விட்டுரச் சொல்லுங்க, அவன் புள்ளைக்கு இன்னும் ரெண்டு மாசங்கூட ஆகல.

— வேண்டாம், சபீனா. பிரயோசனமில்ல.

— ஏன் பிரயோசனமில்ல? வாக்குமூலம் குடுக்குறேன்னு வாசல்ல வந்து நிக்கிறவள வேண்டாம்னு சொல்ற போலீச இன்னிக்கித்தான் பாக்குறேன்.

— என்னச் சொல்ல வைக்காத.

— சொல்லுங்க. இதுக்கு மேல எனக்கு என்ன போயிறப் போகுது?

— மர்ட்டி மொதல் நாளே ஒம்பேரத்தாம்மா சொன்னான். நானே என் கையால எழுதுனேன். மாஜிஸ்திரேட் துரை படிச்சுட்டுச் சிரிச்சாரு, இருநூறு ஆம்பளைய ஒரு பொம்பளை நடத்துனான்னு கோர்ட்டுல போயிச் சொல்ல முடியுமா, ஒரு ஆம்பளை பேரச் சொல்லச் சொல்லுன்னு அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டாரு. மறுநாள்தான் மர்ட்டி ஒன் தம்பி பேரச் சொன்னான்.