எல்லம்மாளின் பொருத்தனைச் சேவல்

எனக்கு விடிந்த பிறகு படுக்கை கொள்ளாது, ஆயர் ஐயா. முகம் கழுவி, ஜெபித்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி ஜோதியம்மாள் நேற்று உங்களிடம் வந்து சொன்னது உண்மைதான். ஆனால் அவளுக்கு ஆவியைப் பற்றி அதிகம் தெரியாது.

எல்லம்மாளை உங்களுக்குத் தெரியும். இங்கே அடி அண்ணாமலையில் களை பறிக்கப் போகிறவள். சபைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம், 1996-ல், அவள் மகன் பிரகாஷுக்கு மஞ்சள் காமாலை முற்றியபோது, பிழைத்தால் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு சேவல் படைப்பதாகப் பொருத்தனை செய்தாள். பிழைத்தான். ஒரு குஞ்சை வாங்கிக் கம்பும் தவிடும் கையாலேயே ஊட்டி வளர்த்தாள். பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து கட்டினாள். பொருத்தனைப் பொருளை உபதேசியார் வீட்டில் விடுவது நம் சபை வழக்கம். இந்த வழக்கத்தை மாற்றும்படி நான் உங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அப்போது நான் உபவாசத்தில் இருந்தேன். ஆவி ஒன்று கேட்கும், சரீரம் வேறொன்று கேட்கும், இரண்டும் ஓயாமல் சண்டை போடும் என்று தொடர்ந்து மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்திருந்தேன். நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். சேவல் வந்ததும் அந்தச் சண்டை என் கொல்லையிலேயே நடந்தது. எட்டு நாள் ஆவிதான் ஜெயித்தது. இதை யாரும் பேசுவதில்லை.

ஒன்பதாம் நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஸ்கூட்டர்கூட ஊருக்குள் நுழையாது. வேங்கிக்காலிலிருந்து நீங்கள் வர மாட்டீர்கள். தெருவெல்லாம் கற்பூரமும் சாம்பிராணியுமாக இருக்கும். குழம்பு கொதித்தாலும் வாசனை வெளியே தெரியாது. இதையெல்லாம் யோசித்தது நான் இல்லை, ஐயா, என் சரீரம். அதற்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கை கத்தியை எடுத்தபோது நான் ஜெபத்தில்தான் இருந்தேன். சேவல் வலியில்லாமல் போகட்டும் என்று வேண்டினேன்.

“இது எல்லம்மா சேவலாச்சேங்க. பாவங்க அது” என்றாள் ஜோதி.

“நீ மசாலாவ அரை. மீதிய நான் பாத்துக்கறேன்” என்றது என் வாய்.

அவள் அரைத்துக் கொடுத்துவிட்டு மோர்ச்சோறு தின்றாள். முழுச் சேவலும் என் ஒருவன் தலையில் விழுந்தது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது ஆவி வேண்டாம் என்றுதான் சொன்னது. மெதுவாகச் சொன்னது.

மறுநாள் காலை எல்லம்மாள் மடியில் கம்போடு வந்தாள். “சேவல் எங்கங்க ஐயா?”

உண்மையைச் சொன்னால் அவள் விசுவாசம் போய்விடும். மேய்ப்பன் அதைத்தானே காப்பாற்ற வேண்டும்? “கர்த்தர் அத ஏத்துக்கலம்மா. நீ அதுமேல ஆசைய ஜாஸ்தி வெச்சுட்ட. அது சரீர ஆசை” என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ என் புள்ளைக்குத் திரும்பக் காமாலை வந்துடுங்களா?”

வராது என்று சொல்லியிருக்கலாம். வராமல் இருக்க மூன்று நாள் உபவாசம் இரு என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். இரண்டாம் நாள் கடலைக் கொல்லையில் மயங்கி விழுந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு விசுவாசி நம் சபையில் இருப்பதில் பெருமையாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல வைத்தேன். சேவலை நேசித்ததற்காக எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்டாள்.

முந்தாநாள் அவளிடமிருந்த ஒரே ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்தாள். ஆசை வந்துவிடக் கூடாதென்று அதைத் தொடவில்லை. முகத்தைக்கூடப் பார்க்காமல் கயிற்றின் நுனியைப் பிடித்து நடத்திவந்து, என் கொல்லையில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்தக் குட்டியைக் கூட்டிப்போக இன்று ஆள் அனுப்புவதாக ஜோதியிடம் சொன்னீர்களாம். வருகிறவர் ஒரு பை கொண்டுவந்தால் போதும், ஐயா. ஜோதி உங்களைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் ஆவி மறுபடியும் தோற்றுவிட்டது. பாதி உப்புக்கண்டமாகக் காய்கிறது. என் சரீரத்துக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் நான் குறுக்கே வர மாட்டேன். எனக்கு எல்லம்மாளை நினைத்துத்தான் வருத்தம். திரும்பிக்கூடப் பார்க்காமல், அவ்வளவு கல்மனத்தோடு கொடுத்த காணிக்கையைக் கர்த்தர் எப்படி ஏற்பார்? இந்த முறை அவள் ஏழு நாளாவது உபவாசம் இருக்க வேண்டியிருக்கும்.